வெறும் வண்டி

உடையார்பாளையத்தில் அப்பா ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி என்று அவர் பெருமையாகச் சொல்வார். அது அந்தக் காலத்தோடு நின்றிருக்கலாம் என்பது அம்மாவின் கட்சி. முந்திரிக்கொட்டை மூட்டைகளை ஏற்றிய வரையில் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஊரில் மச்சு வீடுகள் எழும்பத் தொடங்கியதும், செங்கல்லும் ஜல்லியும் ஏற்ற அப்பாவுக்கு ஆசை வந்தது. முதல் நடையிலேயே வண்டி பின்பக்கமாகக் குந்திவிட்டது.

அதை அரியலூர்ப் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். பழைய ஸ்பிரிங்கோடு தடித்த இரும்புப் பட்டைகளைச் சேர்த்து அடுக்கி, கழித்துப்போட்ட லாரி ஒன்றின் பின் அச்சையும் மாட்டிக் கொடுத்தார்கள். திரும்பி வந்த வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, இப்போதே பாயப்போவதுபோல நின்றது. பாரம் ஏற்றினால் சாதுவாக அசைந்து போகும். வெறும் வண்டியாக ஓட்டினாலோ சின்னப் பள்ளத்துக்கும் தூக்கியடிக்கும். சந்தைக்கு அனுப்பிய முட்டைக்கூடை ஒன்று மஞ்சளாக ஒழுகிக்கொண்டு திரும்பி வந்ததிலிருந்து, தெருவில் யாரும் அதில் ஏறத் துணியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிரசவத்துக்காக அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பாவுக்கு ஒரே தங்கை. அத்தையின் முதல் குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டது. ஒரு நாள் உச்சிவெயிலில் அத்தைக்கு வலி கண்டது. அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்க நேரமில்லை. வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே பாயும் மெத்தையும் போட்டு அத்தையைப் படுக்க வைத்தார்கள். தெருமுனை தாண்டவில்லை, வண்டி ஒரு குதி குதித்தது. அத்தை அலறிய அலறலில் அப்பா பிரேக்கை மிதித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டபின் மறுபடி வண்டியை நகர்த்த அவருக்குத் துணிவு வரவில்லை.

"மணல் மூட்டை ஏத்துனாத்தான் அடங்கும். இப்ப மூட்டைக்கு நான் எங்க போவேன்?" என்றார்.

முந்திரி உடைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தார். நல்ல கனத்த சரீரம். "மூட்டை எதுக்குண்ணே? நாங்க இருக்கோம்ல!" என்று சொல்லிக்கொண்டே பின்பலகையைப் பிடித்து ஏறினார். திரும்பி, "ஏய், எல்லாரும் ஏறுங்கடி!" என்று ஒரு குரல் கொடுத்தார். முந்திரிக்கொட்டைப் பாலின் கறையேறிய கைகளோடு பெண்கள் ஓடிவந்து ஏறினார்கள். வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. குடிநீர்க் குழாய்ச் சண்டையில் அம்மாவோடு பேச்சை விட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரம்மாவும் வந்து ஏறிக்கொண்டார். அத்தையின் தலையை அம்மா மடியில் வைத்துக்கொண்டார். என்னை அப்பா பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

வண்டி தொட்டில்போல அசைந்து போனது. பின்னாலிருந்து ஒரே கூச்சல். ஒருவர் மாமியார் கதையைச் சொல்ல, மற்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தால் குலவை. குலவை ஓய்ந்தால் எல்லோருமாகக் கும்மிப்பாட்டு. நானும் முன்னாலிருந்து கை தட்டினேன். அப்பா மட்டும் திரும்பிப் பார்க்காமல், "தங்கச்சி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"நல்லா இருக்கு. நீங்க வெரட்டாம ஓட்டுங்க" என்று அம்மா கத்துவார். உடனே பாட்டு இன்னும் உயரும்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸம்மா எங்கள் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, "இதுல பிரசவம் யாருக்கு?" என்று கேட்டார். விளக்கு வைப்பதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அப்பா சுவரோரமாக உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு அது திருவிழாவுக்குப் போய்வந்ததுபோல இருந்தது. பிள்ளை பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "வண்டி குலுங்கவே இல்ல. அத்தை வழியில ஒரு தடவைகூட அழுவல, தெரியுமா?" என்று பெருமையடித்தேன். அத்தை என்னைப் பார்த்துச் சிரிப்பார். எதிர்வீட்டு அக்கா, "ஆமாஞ் சாமி, அழுவவே இல்ல" என்பார். அவர்கள் ஏன் அவ்வளவு சத்தமாகப் பாடினார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.