அம்மா தளர்த்திக் கொடுத்த காலுறை

காவலர் எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு எனக்கு மிச்சமிருந்தது ஓட்டம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இல்லையென்றால் எழுதியதெல்லாம் வீண். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள்கூட இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

காலையில் கடற்கரைச் சாலையில் ஓடிவிட்டு, துறைமுகத்துக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போவேன். வருகிற லாரிகளின் சீட்டைச் சரிபார்க்க வேண்டும். எட்டு மணி நேரமும் கான்கிரீட் தரையில் நிற்பதுதான் வேலை. ஓட்டத்தைக் கூட்டியதும் பிரச்சினை ஆரம்பித்தது. சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் இரண்டு கணுக்காலும் கெண்டைக்காலும் வீங்கியிருக்கும். விரலால் அமுக்கினால் குழி விழும். லோடு ஏற்றும் வேலை பார்க்கும் அப்பா அதைக் குனிந்து பார்த்து, ஓடி ஓடிக் கால் நன்றாகச் சதை பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது டாக்டரிடம் போனேன். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று பிசியோதெரபி பார்க்கும் ஓர் அம்மையாரிடம் அனுப்பினார். அவர் என் காலைச் சுற்றி டேப் வைத்து அளந்து, முழங்கால் வரை வரும் அழுத்தக் காலுறை ஒரு ஜோடி எழுதிக் கொடுத்தார். ஓடி வந்ததும் கொஞ்ச நேரம் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும். வீக்கம் வருவதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். விளிம்பை மடிக்கக் கூடாது. தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதாமல் ஒன்றைக் கேட்க எனக்கு வராது.

மாட்டுவதுதான் பெரும்பாடு. முதல் நாள் அது குதிகாலைத் தாண்டவே இல்லை. தரையில் புரண்டுகொண்டிருந்த என்னை அடுக்களையிலிருந்து வந்த அம்மா பார்த்தாள்.

“ஏலே, பாம்புக்கு உரிச்ச சட்டையத் திருப்பி மாட்டுத மாதிரில்லா இருக்கு.”

அப்பா என் தோளைப் பிடித்துக்கொள்ள, அம்மா இழுக்க, ஒரு வழியாக ஏறியது. அன்று சாயங்காலம் வீக்கம் பாதிதான் இருந்தது. தினமும் கணுக்காலை நூலால் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டு வைத்தேன். முடிச்சு நாளுக்கு நாள் உள்ளே நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை யார்டு லீவு. திங்கட்கிழமை காலையில் காலுறை வழுக்கிக்கொண்டு ஏறியது. ‘கால் பழகிவிட்டது’ என்று நோட்டில் எழுதினேன். பக்கத்திலேயே ‘விடாமுயற்சி’ என்றும் எழுதினேன். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் நூல் வேறு கணக்குச் சொன்னது. புதன்கிழமை சாயங்காலம் முடிச்சு பழைய இடத்தையும் தாண்டிவிட்டது. அன்று பகலில் யார்டில் ஒரு லாரி டிரைவர், “தம்பி, உம்ம சாக்ஸ் வெயிலுக்கு மயங்கி விழுந்துட்டு” என்று கணுக்காலைக் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

ஓட்டத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. கால் கனத்துப்போய், அன்று காலை ஏழரை நிமிடம் ஆகியிருந்தது. மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார்கள், மருந்துக்கடை அண்ணாச்சியிடம் கேட்காமல் விடமாட்டேன் என்று கிளம்பினேன். அம்மா வாசலில் மறித்தாள்.

“அவரு கிட்ட சண்டைக்குப் போகாத. நான்தான் தளத்திவிட்டேன்.”

என் காலில் பதிந்திருந்த கோடுகளை அவள் பார்த்திருக்கிறாள். அளவு சின்னதாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை காலுறைகளை வெந்நீரில் ஊறவைத்து, தேங்காயெண்ணெய் தடவி, ஒன்றை அப்பாவின் டிபன் கேரியரிலும் இன்னொன்றை ஊறுகாய் ஜாடியிலும் மாட்டிச் சாயங்காலம் வரை வைத்திருக்கிறாள். பிறகு நன்றாக அலசிக் காயப்போட்டுவிட்டாள். ஒன்றாம் வகுப்பில் எனக்கு வாங்கிய முதல் ஷூ கடித்தபோது எண்ணெய் தடவித்தான் சரிசெய்தாளாம்.

கோபமாகத்தான் நோட்டை எடுத்தேன். டிபன் கேரியர் காலுறை போட்டுக்கொண்டு நின்றதை நினைத்ததும் கோபம் போய்விட்டது. உட்கார்ந்து சொன்னேன்: இறுக்கம்தான் அதன் வேலை, கீழே தேங்குகிற நீரை அதுதான் மேலே தள்ளுகிறது.

“வலிக்காதா?”

“இறுக்கும். வலிக்காது.”

“இத மொதல்லயே வாயத் தொறந்து சொன்னா என்னல? நீ பாட்டுக்கு எழுதி எழுதி வச்சுக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்?”

நோட்டை முதல் பக்கத்திலிருந்து அவளுக்குச் சத்தமாக வாசித்தேன். ‘விடாமுயற்சி’ வந்தபோது இரண்டு பேருக்கும் அடக்க முடியவில்லை.

மறுநாள் புது ஜோடி வந்தது. அதன் பிறகு அம்மாவின் கெடுபிடியைத் தாங்க முடியவில்லை. விளிம்பு லேசாக மடிந்தாலும் வாசல் தாண்ட விடமாட்டாள். நான் சுவரில் காலைத் தூக்கிப் படுத்திருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பாள். கால் மெல்ல லேசானது.

தேர்வன்று மைதானத்தில் கடைசிச் சுற்றில் எத்தனை பேரைத் தாண்டினேன் என்று தெரியாது. கோட்டைத் தாண்டியதும் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த போலீஸ்காரர் ஆறு நிமிடம் நாற்பத்தெட்டு என்றார். நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

“தேறியாச்சுல்லா? அங்கன போயி நில்லும். பின்னால ஓடி வாரவன் உம்ம மேல விழுவான்.”

நான் அங்கே போய் நின்றேன்.