சித்தி போட்ட முடிச்சு

மலைமேல் இருக்கிற எங்கள் போளூரில் யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள், கை மறதி என்பார்கள். எடுத்தவர் பொருளைத் திருப்பி வைத்து, பெரியவர்கள் முன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டால், "ஏதோ கை மறதி, விடுங்கப்பா" என்பதோடு பேச்சு முடிந்தது. அப்புறம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. குற்றவியல் படிக்கப் போன எனக்கு இது புதையலாகத் தெரிந்தது. மடையன் நான்.

சித்தி விஷயம் நடந்தபோது நான் லீவில் ஊரில் இருந்தேன். விடாத மழையில் சித்தியின் பூண்டு மொத்தமும் அழுகிப்போய், விதைக்குக்கூட மிஞ்சவில்லை. பக்கத்து வீட்டுப் பரணிலிருந்து இரண்டு கட்டு விதைப்பூண்டை எடுத்துவிட்டார். எங்கள் ஊரில் பூண்டுத் தாளைச் சேர்த்துக் கட்டுகிற முடிச்சு வீட்டுக்கு வீடு வேறு. பார்த்தாலே யார் வீட்டுச் சரக்கென்று தெரிந்துவிடும். சித்தி பதற்றத்தில் பழைய முடிச்சை அவிழ்க்காமல் அதன் மேலேயே தன் முடிச்சைப் போட்டிருந்தார். பிடிபட்ட சித்தி கும்பிட்டு நிற்க, பெரியவர்கள் அந்தக் கட்டைத் தூக்கிக் காட்டியபோது நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஆய்வுக்காகச் சித்தியிடமே போய்க் கேட்டேன். பேர் வராது, ஊர் வராது என்று சத்தியம் பண்ணாத குறை. சித்தி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"எழுதிக்கோலே, உன் படிப்புக்குத்தானே. ஆனா எம்மவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவ ஒருத்திக்கு முன்னாடியாவது நான் தலை நிமிந்து நிக்கணும்."

அந்த மகள், என் தங்கச்சி, அட்டுவம்பட்டியில் வாக்கப்பட்டு இருக்கிறாள்.

மாணவர் ஆய்வுக்கான முதல் பரிசு என் கட்டுரைக்குக் கிடைத்தது. சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தை அருமையாகக் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்று மேடையில் ஒரு நடுவர் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேடயத்தோடு நிற்கிற படத்தை அன்றைக்கே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எனக்குப் பின்னால் திரையில் அந்தப் பூண்டுக் கட்டு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. அதன் கீழே பெரிய எழுத்தில் 'திருட்டின் தடயம்' என்று நானே போட்டிருந்தேன்.

தங்கச்சி உடனே கூப்பிட்டாள். வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டாள், பாவம்.

"அண்ணே, பின்னாடி தெரியுதே, அது எங்கம்மா போட்ட முடிச்சுல்ல?"

ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். அவள் போனை வைத்துவிட்டாள். பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், வயதைக்கூட மாற்றினேன். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு முடிச்சை மறைக்கணும் என்று தோன்றவில்லையே! என்னை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த அறுப்புக்கு ஊருக்குப் போனேன். சித்தி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஒவ்வொரு அறுப்புக்கும் அவளே வந்து எடுத்துட்டுப் போவா. இந்தத் தடவ வரல. நீ வெரசா கொண்டுபோய்க் குடுத்துட்டு வாலே" என்று ஒரு பூண்டுக் கட்டை என் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் கயிற்றில், யாரும் போடுகிற சாதா முடிச்சு.

"ஏன் சித்தி, நம்ம முடிச்சு?"

"அது வேண்டாம்ய்யா. அவ கண்ணுல பட வேண்டாம்."

அட்டுவம்பட்டியில் மதியமே மஞ்சு இறங்கி, பனியில் வீடுகள் மறைந்துவிட்டன. தங்கச்சி வாசலில் வைத்தே கட்டை வாங்கி, முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு வீட்டுப் பூண்டுண்ணே இது?"

"உங்க வீட்டுதும்மா. உங்கம்மாதான் குடுத்துவிட்டாங்க."

"எங்கம்மா இப்படிக் கட்டாது" என்றாள். கட்டை வாசற்படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.