எட்டு சாட்டின் கயிறுகள்

எங்கள் மாதா கோயிலில் அந்த வருடம் புதுநன்மை வாங்கிய பெண்பிள்ளைகள் எட்டுப் பேர். அதில் ஒருத்தி என் மகள். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் என்பதால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை கவுன் போட வேண்டும் என்று தாய்மார்கள் முடிவு செய்தார்கள். தெருவில் தையல் மெஷின் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். எட்டும் என் தலையில் விழுந்தன.

கவுன் தைக்க எனக்குப் பயமில்லை. அவர்கள் போனில் காட்டிய படத்தைப் பார்த்ததும் பயந்திருக்க வேண்டும். முதுகுப் பக்கம் வரிசையாக வளையங்கள். ஷூவுக்கு லேஸ் கோப்பதுபோல அவற்றின் வழியே மெல்லிய சாட்டின் கயிறு ஒன்று குறுக்கும் மறுக்குமாக ஓடி, இடுப்பில் முடிச்சாகத் தொங்கியது.

"ரிப்பன் வச்சா போதாதா?" என்று கேட்டேன்.

"ரிப்பன் சீப்பாத் தெரியும்க்கா. இந்தக் கயிறுதான் அழகே," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மற்றவர்களும் தலையாட்டினார்கள். நானும் சரியென்று சொல்லித் தொலைத்தேன்.

ஒரு கயிற்றுக்கு இரண்டு மீட்டர். துணியைக் குறுக்கே பட்டையாக வெட்டி, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, ஓரத்தில் தையல் போட்டால் ஒரு குழாய் கிடைக்கும். பென்சில் பருமன்கூட இருக்காது. அதன் உள்பக்கத்தை வெளியே திருப்ப வேண்டும். ஒரு சாண் நீளத் தோள்பட்டி என்றால் ஊக்கைக் குத்தி உள்ளே தள்ளினாலே மறுபக்கம் வந்துவிடும். இரண்டு மீட்டரை அப்படித் தள்ள முடியவில்லை. முதல் கயிற்றில் பாதி தூரம் போனதும் ஊக்கு உள்ளேயே திறந்துகொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. துணியை வெட்டித்தான் அதை எடுத்தேன்.

அடுத்து, உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றினேன். அதன் நுனியில் இருந்த துளையில் நூலைக் கோத்து, குழாயின் வாயோடு சேர்த்துத் தைத்து உள்ளே விட்டேன். நன்றாகத்தான் போனது. திரும்பி வந்த வெள்ளைக் கயிற்றில் நீளத்துக்கும் பழுப்புக் கோடு. கடற்கரை ஊரில் துருப்பிடிக்காத கம்பி எங்கே இருக்கிறது? துடைத்துவிட்டு உள்ளே விடத் தோன்றவில்லை எனக்கு. எலுமிச்சை தேய்த்தேன், சோப்பில் ஊறவைத்தேன். கறை இன்னும் அகலமானதுதான் மிச்சம்.

என் கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் வண்டிகளுக்கு மெக்கானிக். நான் படும் பாட்டைப் பார்த்தவர், மறுநாள் சாயங்காலம் ஒரு கருவியோடு வந்தார். வெல்டிங் ராடின் மேல்பூச்சை உதிர்த்து, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒரு நுனியில் சின்னக் கொக்கி வளைத்திருந்தார்.

"ஏளா, இங்கன பாரு. கொக்கிய மாட்டி இழுத்தா சரக்குன்னு வந்துரும்."

"சாட்டின் இதத் தாங்குமாங்க?"

"போட்டுப் பாக்காமலே பேசாத."

நான் தயங்கியதால் அவரே கையில் எடுத்தார். கொக்கி துணியைக் கவ்வி ஒரு சாண் வந்தது. பிறகு நடுவில் எங்கேயோ மாட்டியது. அவர் நிறுத்தவில்லை. பட்டறையில் எதை இழுப்பாரோ அப்படி இழுத்தார். டர்ரென்று கிழிந்தது.

"துணிய என்ன இரும்புச் சங்கிலின்னா நெனச்சீங்க?"

"நீ தையல லூசாப் போட்டிருக்க, அதான்."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொளுத்திவிட்டது. கம்பியைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். இரண்டு நாள் தேவைக்கு மட்டுமே பேசிக்கொண்டோம். சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு அதைத் தேய்த்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் எரிச்சல் குறையவில்லை, கூடியது.

துணி வேறு தீர்ந்துகொண்டிருந்தது. கடையில் அந்த வெள்ளை முடிந்துபோய், சந்தன நிறம் கலந்த வெள்ளைதான் இருந்தது.

மீன் வாங்கப் போன இடத்தில், வலைச் சாமான் விற்கும் கடையில் தங்கூசிச் சுருள்கள் தொங்குவதைப் பார்த்தேன். தூண்டிலுக்குக் கட்டும் நைலான் இழை அது. துரு ஏறாது, வழுக்கிக்கொண்டு போகும். குழாயைத் தைத்த பிறகு எதையாவது உள்ளே விடுவதைவிட, தைக்கும்போதே இழையை உள்ளே வைத்துவிட்டால் என்ன?

"என்ன மீனுக்குக்கா?" என்றார் கடைக்காரர்.

"மீனுக்கில்ல அண்ணாச்சி, கவுனுக்கு."

என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சுருளைக் கொடுத்தார்.

மடிப்புக்குள் இழையை வைத்து, அதன் தலைமுடிச்சைத் துணியின் ஒரு முனையோடு சேர்த்து இறுக்கித் தைத்தேன். பிறகு ஊசி இழையில் படாமல் ஓரத்தைத் தைத்துக்கொண்டே போனேன். மறுமுனையில் நீட்டிக்கொண்டிருந்த இழையை இழுத்தபோது முதல் அங்குலம் அடம்பிடித்தது. விரலால் உருட்டி உருட்டிவிட்டதும், துணி தன்னையே விழுங்கத் தொடங்கியது. பளபளவென்று கயிறு வெளியே வந்தபோது அழுகைதான் வந்தது.

அதற்காக வேலை சுலபமாகிவிடவில்லை. தங்கூசி ஆள்காட்டி விரலை அறுத்தது. ரத்தம் வெள்ளையில் பட்டுவிடக் கூடாதென்று விரலில் துணி சுற்றிக்கொண்டேன். ஐந்தாவது கயிற்றில் ஊசி இழையோடு சேர்த்துத் தைத்துவிட்டது. மொத்தத் தையலையும் பிரித்தேன். ஒரு கயிற்றுக்கு ஒரு மணி நேரம். ஏழு முடிந்ததும் துணியும் முடிந்தது. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் முதலில் கொடுத்துவிட்டிருந்தேன். மிச்சமிருந்தது என் மகளின் கவுன். அதற்கு ரிப்பன் கோத்தேன்.

"எனக்கு மட்டும் ஏன் ரிப்பன்? தைக்கது நீதானம்மா?" என்றாள். அன்று முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதுநன்மை நாள் காலையில், ஒரு பிள்ளையின் அத்தை எட்டுப் பேருக்கும் முக்காடு வாங்கி வந்திருந்தார். கெட்டியான வெள்ளைத் துணி, இடுப்பு வரை. பூக்கிரீடத்தோடு சேர்த்துக் குத்தி, எட்டு முதுகுகளையும் மூடிவிட்டார்கள். ஏழு கயிறும் தெரியவில்லை, ஒரு ரிப்பனும் தெரியவில்லை. என் மகள் சிரித்துக்கொண்டே வரிசையில் நடந்தாள். அதைப் பார்த்தாவது என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை.

"முக்காடு சூப்பரா இருக்குல்லக்கா?" என்று காதோரம் கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

"இருக்கு," என்றேன். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பூசை முடிந்து, படம் எடுக்கப் பிள்ளைகளைப் படியில் நிறுத்தினார்கள். "முக்காட்ட ஒதுக்கிட்டு, முதுகு தெரியத் திரும்பி நிக்கச் சொல்லி ஒண்ணு எடுங்க," என்றேன். போட்டோக்காரர் சிரித்தார். தாய்மார்களும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.