நூற்றுப் பத்து என்று எழுதிய மட்டைகள்

அக்காவின் வீட்டு முன்னறைச் சுவரில் மூன்று ரெனிஸ் மட்டைகள் தொங்கின. மூன்றும் ஒரே கம்பனியின் ஒரே வகை. பெரிய தலை மட்டைகள் சந்தைக்கு வரத் தொடங்கிய காலத்தில் செய்யப்பட்டவை. கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் 110 என்று வெள்ளையில் எழுதியிருக்கும். தலையின் பரப்பு நூற்றுப் பத்துச் சதுர அங்குலம் என்பது அதன் பொருள். அது உண்மையல்ல.

வெளிநாட்டில் பழைய மட்டைகளைச் சேர்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. போன வருடம் படங்களை அனுப்பியபோது அவர்தான் இதைச் சொன்னார். அந்தக் காலத்துக் கம்பனிகள் மட்டைச் சட்டத்தின் வெளி விளிம்பை அளந்து எண்ணைப் பெருப்பித்துக் காட்டினவாம். பந்து படுவது உள்விளிம்புக்குள்தான். ஆகவே உள்ளே அளக்கவேண்டும். இந்த வகை நூற்றாறு வரும் என்று எழுதி, அளந்து உறுதிப்படுத்தும்படி கேட்டிருந்தார்.

முட்டை வடிவான ஒன்றின் பரப்பைக் காணச் சுலபமான வழி அதை நிறுப்பது. தடித்த மட்டைத்தாளில் மட்டையின் உள்விளிம்பை வரைந்து வெட்டினேன். அதே தாளில் பத்து அங்குலச் சதுரம் ஒன்றையும் வெட்டினேன். அது நூறு சதுர அங்குலம், அதன் பாரத்தோடு ஒப்பிட்டால் மட்டையின் பரப்பு வந்துவிடும். இரண்டையும் பஸார் வீதியில் இருக்கும் தெரிந்த நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். மன்னாரின் காற்றில் கடதாசி ஈரம் குடித்துப் பாரம் கூடும். அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டி ஒரே நேரத்தில் நிறுக்கவேண்டும்.

கடைக்காரர் தராசுத் தட்டில் கடதாசியை வைத்துவிட்டு, பத்திரிகை நிருபரான என்னை நிமிர்ந்து பார்த்தார். “பேப்பர்காரர் கடைசியிலை கடதாசியிலையே தாலி செய்யப் போறார்” என்றார்.

“கல்லும் பதிக்கவேணும். எவ்வளவு கேப்பியள்?”

“செய்கூலி இல்லை. சேதாரம் மட்டும் தாங்கோ.”

மூன்று மட்டைகளும் நூற்று மூன்றரை வந்தன. நண்பர் சொன்னதைவிட இரண்டரைச் சதுர அங்குலம் குறைவு. கடதாசிகளை நீளவாட்டில் நடுவே வெட்டித் திரும்ப நிறுத்தேன். எழுத்து இருக்கும் பக்கம் மேலே பார்க்க வைத்தால் இடது பாதி ஐம்பத்தொன்று, வலது பாதி ஐம்பத்திரண்டரை. மூன்றிலும் அப்படித்தான். தலைகள் இயல்பைவிட ஒடுங்கி நீண்டிருந்தன. ஒடுக்கம் இடது பக்கத்தில் அதிகம்.

அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, “அது அவரின்ரை கால்” என்றாள்.

அவர் என்றது அத்தானை. கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். அதிகாரிகளின் கிளப்பில் மட்டைகளுக்கு நூல் பின்னிக் கொடுப்பதும் அவர்தான். அவருடைய தகப்பன் வழி முழுக்கக் கடல் தொழில். மட்டைக்குரிய நூல் இங்கே கிடைக்காததால் தங்கூசியில், அதாவது மீன் வலை பின்னும் நைலோன் நூலில் பின்னினார். வலையை இழுப்பதுபோல நூலைத் தடியில் சுற்றி, குறுக்கு நூல்களை அளவுக்கு மிஞ்சி இறுக்கினார். சட்டத்தைப் பிடிக்க இயந்திரம் இல்லை. வலது முழங்கால் விபத்தொன்றில் மடங்காமல் போனதால் நிலத்தில் ஒரு மாதிரிச் சரிந்து இருந்து, இடக்கால் குதியால் சட்டத்தின் இடது பக்கத்தை மிதித்துக்கொண்டு இழுப்பார். எழுத்து எப்போதும் தன்னைப் பார்த்தே இருக்கும். அந்தக் குதி மூன்று மட்டைகளிலும் ஒன்றரைச் சதுர அங்குலமாகப் பதிந்திருந்தது.

மட்டைகள் உண்மையில் நான்கு. வீதி போட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் திரும்பிப் போகும்போது அத்தானுக்குக் கொடுத்தவை. சண்டை நாட்களில் ஊரே வள்ளமேறி இராமேஸ்வரத்துக்குப் போனபோது, முதலில் தான் போய் இடம் பார்த்துவிட்டு வந்து அக்காவைக் கூட்டிப்போவதாகச் சொன்னார். ஒரு மட்டையையும் எடுத்துக்கொண்டார். “அகதியாப் போறவை சட்டி பானையோட போகினம், இவர் ரெனிஸ் மட்டையோட போறார்” என்று அக்கா சிரித்தாளாம். அந்த வள்ளம் அக்கரை சேரவில்லை என்று பின்னால் போனவர்கள் சொல்லி அனுப்பினார்கள். முப்பது வருடங்களுக்கு மேலாக, அவர் போன நாளில் அக்கா அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுத்து வருகிறாள்.

இந்த வருடம் பூசைக்கு ஒரு கிழமை இருக்கையில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கையில் துவாயால் சுற்றிய ஒரு மட்டை. மேசையில் வைத்துவிட்டு, “அள” என்றாள்.

அதே வகை. அதே வெள்ளை எழுத்து, பாதி அழிந்திருந்தது. கருவாடு மணத்தது. நூல் மட்டும் வேறு: பளிச்சென்ற பச்சைத் தங்கூசி.

அக்காவின் ஒழுங்கையின் முடிவில், இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்களிடம் நெத்தலிக் கருவாடு வாங்கப் போனவள், வேலியில் சாத்தியிருந்த மட்டையின் மேல் கருவாடு காய்வதைக் கண்டிருக்கிறாள்.

“என்னத்துக்கு அளக்க?” என்று கேட்டேன்.

“பூசைக்குக் குடுக்கிறதோ விடுறதோ எண்டு எனக்குத் தெரியவேணும். செத்த ஆளுக்குத்தானே ஆன்ம இளைப்பாற்றி.”

அளந்தேன். நூற்று மூன்றரை. இடது பாதி ஐம்பத்தொன்று. நகைக்கடைக்காரர் இம்முறை பகிடி விடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேளாமலே இரண்டாம் தரமும் நிறுத்துக் காட்டினார்.

மட்டையைத் தந்த ஆளைப் போய்ப் பார்த்தேன். வலை பொத்திக்கொண்டிருந்தார்.

“முகாமில நாங்கள் மாறிப் போன வீட்டு மூலையில கிடந்தது, அண்ணை. முந்தி ஆர் இருந்தவையெண்டு கேக்கேல்லை. மனிசி கண்டிட்டு கருவாட்டுக்கு நல்லது எண்டாள். எனக்கென்ன, பந்தடிக்கிற வயசோ?”

“இந்த நூல்?”

விரலால் தட்டிப் பார்த்தார். “இது இப்ப வாற சாமான். வெயிலில ரெண்டு மூண்டு வருசம் நிண்டால் வெளிறிப்போகும். எங்கட கையில வரேக்கை புதுசாத்தான் கிடந்தது.”

அக்காவிடம் திரும்பினால், அவள் நான்காவது மட்டையை மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தாள். கடல் பக்க யன்னல் திறந்திருந்தது. காற்று பலமாக வீசும் நாட்களில் அந்த மூன்று மட்டைகளும் மெல்ல இரைவது எனக்குத் தெரியும். அன்று நான்கும் இரைந்தன. இரைச்சல் கூடியிருந்ததே தவிர, புதிதாக இன்னொரு குரல் கேட்கவில்லை. எது எதனுடைய சத்தம் என்று பிரித்தறிய முயன்றேன், முடியவில்லை. பழுத்து மஞ்சளான மூன்று நூல்களும் அந்தப் பச்சை நூலும் ஒரே சுருதியில் நின்றன. யன்னலைச் சாத்த எழுந்தேன்.

“விடு” என்றாள் அக்கா.

நான் எனக்குத் தெரிந்த முறையில் விடயத்தைப் பிரித்து வைத்தேன். மட்டை அவருடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது கடலில் தப்பி வேறு யாருடைய கையிலாவது கிடைத்திருக்கலாம். அவர் முன்பு இழுத்த இழுப்பில் சட்டமே நிரந்தரமாக வளைந்து போயிருந்தால், பிறகு எவர் எப்படிப் பின்னினாலும் இதே அளவுதான் வரும்.

“அதை எப்பிடி அறியிறது?”

நண்பரிடம் கேட்டிருந்தேன். இந்த வகைச் சட்டம் நூலை அறுத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஆனால் முப்பது வருடம் இறுக்கத்தில் இருந்த சட்டத்தைப் பற்றித் தன்னால் சொல்ல முடியாது. பழைய மூன்றில் ஒன்றை அறுத்துப் பார், நடு நூலிலிருந்து அறு என்று எழுதியிருந்தார். சட்டம் வளைந்தபடியே நின்றால் பச்சை நூலை யாரும் பின்னியிருக்கலாம். நிமிர்ந்தால், அந்த வளைவைப் பச்சை நூல்தான் பிடித்து வைத்திருக்கிறது.

இதை அக்காவிடம் சொல்லி முடித்தேன். அவர் கையால் பின்னியவை என்று நிச்சயமாகத் தெரிந்தவற்றில் அவளிடம் மிஞ்சியிருப்பவை அந்த மூன்றும்தான். அவள் எழுந்து, பச்சையைத் தொடாமல், அந்த மூன்றில் நடுவில் இருந்ததைக் கழற்றினாள். குசினிக்குள் போய் மீன் வெட்டும் கத்தியோடு வந்தாள்.

“நான் அறுக்கிறன், தா” என்றேன்.

“உனக்கு எழுதத்தான் தெரியும். பிடி.”

முதல் நூல் அறுந்தபோது சட்டம் என் கையில் துள்ளியது. அவள் நிறுத்தவில்லை. கடைசிக் குறுக்கு நூல் போனதும் மட்டையை மேசையில் வைத்தோம். அது சும்மா கிடக்கவில்லை. வெகு நேரம் இடையிடையே டிக், டிக் என்று சட்டத்துக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது, பாரமான ஒருவர் எழும்பிப் போன பிறகு பிரம்புக் கதிரையில் வருவதுபோல. அக்கா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் மற்ற மூன்றும் இரைந்தன.

அடுத்த நாள் காலை அளந்தேன். நூற்றாறு. இடது பாதி ஐம்பத்துமூன்று, வலது பாதி ஐம்பத்துமூன்று. அந்தச் சட்டத்தை எவரும் ஒருபோதும் மிதித்ததில்லை என்று சத்தியம் செய்யலாம்.

அக்காவிடம் இரண்டு எண்களையும் சொன்னேன். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“வேறை ஒரு ஆளும் அப்பிடி மிதிச்சு இழுத்திருக்கலாம், அக்கா” என்றேன். ஒரு செய்தியில் நான் விடாமல் சேர்க்கும் வரி அது.

“இடக்கால் குதியாலையோ? தடியில சுத்தியோ? முழங்கால் மடங்கிற மனிசன் ஏன்ரா அப்பிடிக் கஷ்டப்பட்டு இருப்பான்?”

நான் அளந்த கடதாசிகளை அடுக்கி வைத்தேன்.

“அப்ப அவர் கடலிலை தாழேல்லை” என்றாள் அக்கா. பிறகு, “வரேல்லை” என்றாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். அழவில்லை. அந்த முப்பது வருடங்களிலும் அவள் அவருக்காக அழுததை நான் கண்டிருக்கிறேன். அன்று அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் கோயிலிலிருந்து, பூசையை என்ன கருத்துக்காக வைப்பது என்று கேட்டு பாதரே போன் எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“பூசை வையுங்கோ, பாதர். ஆன்ம இளைப்பாற்றி வேண்டாம். பேரும் வேண்டாம்.” மறுபக்கத்தில் அவர் ஏதோ கேட்டார். “இல்லை பாதர், சுகமாத்தான் இருக்கிறன். விசேட கருத்துக்காக எண்டு வாசியுங்கோ, காணும்.”

பூசையன்று பாதர் அப்படியே வாசித்தார். வழக்கமாக அந்த நாளில் வரும் பெயர் வராததால் முன்வரிசைப் பெண்கள் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். மரித்தவர்களை நினைவுகூரும் இடம் வந்தபோது எல்லோரும் தலை குனிந்தார்கள். அக்கா தலையை நிமிர்த்தி, பீடத்துக்குப் பக்கத்தில் திறந்திருந்த கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கதவால் யாரும் வரவில்லை. ஆனாலும் நானும் அங்கேதான் பார்த்தேன்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது கேட்டாள்:

“வவுனியாக் கந்தோரிலையும் பாஸ்போட் எடுக்கலாமாம். உண்மையோ?”

“ஓம். இந்த வயசில அவ்வளவு தூரம் இந்தியாவுக்குப் போய் அவரைக் கண்டால் என்ன கேக்கப் போறாய்?”

“ஒண்டும் கேக்கேன். அவர் விட்டிட்டுப் போன மூண்டையும் குடுத்திட்டு வருவன்” என்றாள்.