கடைசி வார்த்தை குழந்தைக்கு

குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலையில் முதலில் போவது நம்முடைய கூச்சம். தொண்டை அதற்குப் பிறகுதான் போகும். பேசாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த அம்மா அப்பாக்களுக்கும், பாலர் வகுப்பில் தினமும் தவளையாகவும் முயலாகவும் குதித்துவிட்டு வீட்டுக்கு வந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்ளும் டீச்சர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் நாசரேத்துக்காரி. எங்கள் சர்ச் பாடகர் குழுவில், "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொல்லி நிறுத்தி வைக்கப்பட்டவள். அப்படிப்பட்டவள் எண்பதுகளில் மைசூரில் இந்த வேலைக்குப் படித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரின் ஆஸ்பத்திரி மாடியில் நாள் முழுக்கப் பாடிப் பிழைத்தேன். பேச்சு வராத பிள்ளையிடம் "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" என்று நச்சரித்தால், அது வாயை இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதையே கை காலை ஆட்டிப் பாட்டாகப் பாடி, கடைசி வார்த்தைக்கு முன்னால் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். அந்த இடைவெளி பிள்ளைக்குப் பொறுக்காது. எதையாவது போட்டு அடைக்கப் பார்க்கும். அந்த எதையாவதுக்காகத்தான் எங்கள் அத்தனை ஆட்டமும்.

மாடியில் உப்பளம்

இசக்கிமுத்துவுக்கு மூன்று வயது தாண்டியும் ஒரு சொல் கிடையாது. நாற்காலியில் உட்கார மாட்டான். என் முகத்தைப் பார்க்க மாட்டான். அறையைச் சுற்றி ஓடிக்கொண்டே இருப்பான். அவன் அம்மா மாரியம்மாள் உப்பளத்தில் வேலை பார்ப்பவள். "எதைச் செய்தால் சிரிப்பான்?" என்று அவளிடம் கேட்டேன். "பாத்தி மிதிக்கையில கூட நின்னு மிதிப்பான் டீச்சர். அப்பம் மட்டுந்தான் சிரிப்பான்" என்றாள். உப்பு விளைவதற்கு முன்னால் பாத்தியின் தரை இறுகுவதற்காக ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதிப்பார்கள். சரி என்று நானும் சேலையைத் தூக்கிச் செருகினேன். மூன்று பேரும் வரிசையாக நின்று, "மிதி மிதி பாத்தி மிதி, வெயில் வருது சேர்ந்து மிதி, வெள்ளை உப்பு வேணுமின்னா இன்னும் கொஞ்சம்..." என்று பாடி, தூக்கிய காலைத் தூக்கியபடியே நிறுத்துவோம். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் ஒற்றைக் காலில் நின்றவன் என் முகத்தை நேராகப் பார்த்து, "மீ!" என்றான். மாரியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விடவில்லை. அவன் "மீ" சொல்லச் சொல்ல, இன்னும் ஓங்கி மிதித்தேன்.

அது கட்டை பாவிய பழைய மச்சு. எங்களுக்கு நேர் கீழேதான் டாக்டர் காது சோதிக்கும் அறை. அந்த நேரம் பார்த்து அங்கே ஒரு வயதானவர் காதில் மெஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் சொன்னதை டாக்டர் என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்: "டாக்டரய்யா, உங்க மெஷின்ல ஒரு சத்தமும் கேக்கல. மேல டீச்சரு குதிக்கது மட்டும் தெளிவாக் கேக்கு."

பெருமாளும் பஸ்ஸும்

ரங்கனின் அப்பா ஸ்ரீவைகுண்டத்தில் அர்ச்சகர். நெற்றி நிறையத் திருமண்ணோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவார். அவருக்கு ஒரே ஓர் ஆசை. "மொதல் வார்த்தை நாராயணான்னு வரணும் மேடம். அதுக்கப்பறம் எது வேணா வரட்டும்" என்பார். நானும் கையைத் தூக்கி, உடம்பை ஆட்டி, எனக்குத் தெரிந்த எல்லா மெட்டிலும் நாராயணாவைப் பாடிப் பார்த்தேன். நாசரேத்தில் என் அப்பா காதில் விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ரங்கன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் பஸ் போனால் மட்டும் அவன் உடம்பு முழுக்க விழித்துக்கொள்ளும்.

மறுநாள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். அப்பா டிரைவர், நான் கண்டக்டர், ரங்கன் பயணி. வளைவு வந்தால் மூன்று பேரும் ஒரு பக்கமாகச் சாய வேண்டும். பிரேக் போட்டால் முன்னால் விழ வேண்டும். "ஏறு ஏறு பஸ்ஸில் ஏறு, எல்லாரும் ஏறியாச்சு, கம்பியப் பிடிச்சாச்சு, போலாம்..." என்று பாடி நிறுத்துவேன். ரைட் சொல்லாமல் பஸ் கிளம்பாது. அர்ச்சகர் முதலில் சங்கோஜப்பட்டார். போகப் போக ஹாரன் சத்தமெல்லாம் தானாகவே போட ஆரம்பித்துவிட்டார். ஒரு வழியாக "யைத்" வந்தது. அடுத்த வாரம் வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சன்னதியில் தீபாராதனை முடிந்து மணியோசை நின்றதும், அம்மா இடுப்பிலிருந்த ரங்கன், கோயிலுக்கே கேட்கும்படி "போயாம் யைத்!" என்று கத்தியிருக்கிறான். "கோபம் வந்ததா சாமி?" என்று கேட்டேன். "கோபமா? பெருமாள் எத்தனை காலமா அங்கயே நின்னுண்டிருக்கார்! அவரையும் எங்கயாவது அழைச்சுண்டு போகணும்னு கொழந்தைக்குத்தானே தோணியிருக்கு!"

துவரம்...

வேலை முடிந்தாலும் வாய் வேலையை விடாது. உங்களுக்கும் இந்த வியாதி இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் பலசரக்குக் கடையில் நின்று, "அண்ணாச்சி, அரைக் கிலோ துவரம்..." என்று இழுத்து நிறுத்தி, புருவத்தைத் தூக்கி, ஆவலோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை வேறு தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பருப்பு. சரியாச் சொல்லிட்டனா டீச்சர்?"

கேசட்டில் ஓர் இடைவெளி

ஆயிஷா காயல்பட்டினத்துப் பிள்ளை. பிறக்கும்போதே அவளுக்கு மேலண்ணம் பிளந்திருந்தது. ஆபரேஷன் செய்து மூடிய பிறகும், 'ப' சொல்லப் போனால் காற்றெல்லாம் மூக்கு வழியே போய்விடும். பால் என்றால் 'மால்' என்பாள். அவளுடைய உம்மா ஃபாத்திமாவுக்கு மற்ற வார்த்தைகளைப் பற்றிக் கவலையில்லை. 'வாப்பா' என்ற ஒரு சொல் வந்தால் போதும். ஆயிஷாவின் வாப்பாவுக்கு சவுதியில் வேலை. கடிதத்துக்குப் பதிலாகப் புருஷனும் பெண்சாதியும் கேசட்டில் பேசி அனுப்பிக்கொள்வார்கள். "வாப்பான்னு சொல்லுன்னா மாம்மாங்குறா. 'இது யாரு அந்த மாம்மா?'ன்னு அவங்க கேசட்டுல கேக்குறாங்க டீச்சர்" என்று ஃபாத்திமா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

அவளுக்காகப் பொரிப் பாட்டு ஒன்று கட்டினேன். உதட்டை இறுக்கி, கன்னத்தில் காற்றை நிறுத்தி, 'ப' வரும்போதெல்லாம் சட்டியில் பொரி துள்ளுவது போலத் துள்ள வேண்டும். "படபட பொரியுது, பக்கத்தில் போகாதே, பொரி பொரி சூட்டுப் பொரி, யாருக்கு வேணும் பொரி?" என்று நான் கேட்க, அவள் "வாப்பாக்கு!" என்று குதித்துச் சொல்ல வேண்டும். மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்போம். அங்கே காற்று வந்தால் இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. மாதக்கணக்கில் குதித்தோம்.

அரைகுறையாக வந்த அந்தப் பாட்டை ஃபாத்திமா கேசட்டில் பிடித்து அனுப்பினாள். பதில் கேசட் வந்ததும், டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டாள். வீட்டில் ஒவ்வொருவரையும் சுகம் விசாரித்து முடித்த மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு பொரிப் பாட்டைப் பாடத் தொடங்கினார். "யாருக்கு வேணும் பொரி?" என்றதும் குரல் நின்றுவிட்டது. கேசட் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. டேப் சிக்கிவிட்டதோ என்று ஃபாத்திமா கையை நீட்டினாள். அதற்குள் ஆயிஷா எழுந்து துள்ளினாள். "வாப்பாக்கு!" மூக்கில் காற்றே இல்லை, இரண்டு உதடும் சேர்ந்து வெடித்த முழு 'ப்பா'. அவள் கால் தரையைத் தொடவும், பெட்டிக்குள்ளிருந்து வாப்பாவின் குரல் திரும்ப வரவும் சரியாக இருந்தது: "கேட்டிச்சு மவளே. நல்லாக் கேட்டிச்சு. இன்னொருக்காச் சொல்லு."

கவிதாவின் மெட்டுகள்

எல்லாப் பிள்ளைக்கும் சொல் வந்துவிட்டது என்று எழுதினால் நீங்களே என்னை நம்ப மாட்டீர்கள். கவிதாவுக்கு வரவில்லை. அவள் அப்பா தர்மராஜுக்குச் சாகுபுரத்தில் ஃபாக்டரி வேலை. ஷிப்ட் முடித்த களைப்போடு, தூங்காத கண்ணோடு அவளைக் கூட்டி வருவார். வருடக்கணக்கில் பாடினோம், ஆடினோம். நான் நிறுத்திய இடத்தில் கவிதா அழகாகச் சிரிப்பாள். அவ்வளவுதான். இனியும் அவரை அலைய விடக்கூடாது என்று ஒரு நாள் உட்காரவைத்து, வார்த்தைகள் வராமலே போகலாம் என்பதைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "வார்த்தை இல்லன்னு தெரியும் டீச்சர். ஆனா மெட்டு இருக்கு" என்றார்.

வீட்டில் கவிதா வாயை மூடிக்கொண்டு ராகம் இழுக்கிறாளாம். தண்ணீர் வேண்டுமென்றால் நான் பாடும் மழைப் பாட்டின் மெட்டு. வெளியே போக வேண்டுமென்றால் பஸ் பாட்டு. வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது. அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. 'பேச்சுக்குத்தானே வந்தோம்' என்று நினைத்திருக்கிறார். அன்றிலிருந்து நான் சொல்லை விட்டுவிட்டு மெட்டுகளைக் கூட்டினேன். வலிக்கு ஒன்று, பசிக்கு ஒன்று, வேண்டாம் என்பதற்கு ஒன்று. "அம்மாவைக் கூப்பிட எந்த மெட்டு?" என்று கேட்டதற்கு தர்மராஜ் கொஞ்சம் தயங்கினார். "நீங்க எப்பவும் தப்பாப் பாடுவியளே டீச்சர், அந்தத் தாலாட்டு. அவளும் அதே எடத்துல கரெக்டாத் தப்புவா. நாங்க சரியாப் பாடுனா அவ அம்மா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா."

தேர் நாள்

ஜெசிந்தாவின் வீட்டுக்காரர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். மகன் மிக்கேலுக்கு நாலு வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அது தன் பேர் என்றே அவனுக்குப் படவில்லை. அவனுக்குப் பிடித்தது இழுப்பது ஒன்றுதான். துண்டின் இரண்டு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, வலை இழுப்பது போல, "இழு இழு வலையை இழு, ஏலேலோ..." என்று சாய்ந்து சாய்ந்து இழுத்து நிறுத்தினால், "சா!" என்பான். ஐலசாவில் அவன் நாக்குக்கு அகப்பட்டது அந்தக் கடைசி எழுத்து. "வீட்டிலும் பாடுகிறாயா?" என்று கேட்டால் ஜெசிந்தா முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். "கதவச் சாத்திட்டுத்தான் பாடுவேன் டீச்சர். பக்கத்து வீட்டுக்காரியெல்லாம் சிரிப்பாளுவ."

மாதா கோயில் தேர் நாளன்று, எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் லூர்து அக்காவோடு நானும் கூட்டத்தில் நின்றேன். ஜெசிந்தா தலையெல்லாம் கலைந்து எதிரே ஓடி வந்தாள். மிக்கேல் கையை உதறிக்கொண்டு போய்விட்டான். ஒரு பக்கம் தேரும் ஜனமும், மறுபக்கம் கடல். தண்ணீரைக் கண்டால் அவன் நேரே இறங்குகிற பிள்ளை. ஒலிபெருக்கியில் அவன் பேரைச் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். பேருக்குத் திரும்பாத பிள்ளைக்கு ஒலிபெருக்கி என்ன செய்யும்? யாராவது பிடித்து நிறுத்தி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டாலும் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

ஜெசிந்தா ஓடுவதை நிறுத்தினாள். நடுரோட்டில் நின்று முந்தானையை இடுப்பில் செருகினாள். இல்லாத வலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, அடித்தொண்டையில் பாடினாள். "இழு இழு வலையை இழு, ஏலேலோ..." நிறுத்திக் காதைக் கொடுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி பாடினாள். பேய் பிடித்துவிட்டது என்று சிலர் விலகினார்கள். ஒருத்தன் சிரித்தான். நான் அவள் பக்கத்தில் போய் நின்று இழுத்தேன். லூர்து அக்காவும் இழுத்தாள். விஷயம் தெரிந்ததும், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கடல்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். பழக்கத்தில் அவர்கள் "ஐலசா" என்று முடிக்க, ஜெசிந்தா திரும்பி அலறினாள்: "கடைசி வார்த்தைய யாரும் சொல்லாதீங்க! அது அவனுக்கு!" அடுத்த தடவை அந்தத் தெருவே ஏலேலோ என்று இழுத்துவிட்டு, வாயை மூடி நின்றது. ஓரமாக நின்ற மிட்டாய் வண்டிக்கு அடியில், தொங்கிக்கொண்டிருந்த சாக்குக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "சா!"

பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஜெசிந்தா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு அடங்கியதும் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா முந்தானையைத் தேடவில்லை. "ஊரே என்னையத்தான் பாத்துச்சு, என்ன டீச்சர்?" என்றாள். "பாக்கட்டும். நல்லாத்தானே பாடுனேன்?"

ஒரு வார்த்தை வராதா என்று என் மேஜையில் தலையைச் சாய்த்து அழுத அம்மாக்களில் பாதிப் பேர், அடுத்த வருடம் அதே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவன் கொஞ்ச நேரம் வாயை மூட ஏதாவது பாட்டு இருக்கா டீச்சர்?" என்று கேட்டார்கள், அதற்கு மட்டும் இன்றுவரை என்னால் ஒரு பாட்டுக் கட்ட முடியவில்லை.