எதை முதலாவதாகப் போடுவது

கச்சான் காற்று அனலை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நண்பகலில் மச்சான் கம்பளிச் சுவெட்டர் போட்டுக்கொண்டு எங்கள் வளவுக்குள் வந்து நின்றார். கல்முனையில் அந்தக் காலத்தில் சுவெட்டரைக் கண்ணால் கண்டவர்களே குறைவு. நுவரெலியாவில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்று வந்த அயல்வீட்டுக்காரர் கொடுத்த பழசு அது. கருநீல நிறம், ஒரு முழங்கையில் நூல் பிரிந்திருந்தது. நெற்றியால் வியர்வை ஓட ஓட, "எப்பிடி மாமி, கண்டிக் குளிருக்குத் தாங்குமா?" என்று என் உம்மாவிடம் கேட்டார். "கழட்டு மகன், பாக்கிற எனக்கு வேர்க்குது" என்றார் உம்மா. குசினி யன்னலுக்குப் பின்னால் நின்ற நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போக அவர் ஆசைப்பட்டார் என்று அதற்குப் பிறகு யாரும் எனக்கு எடுத்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

மச்சான் என் வாப்பாவின் தங்கை மகன். அவருடைய வாப்பா இளவயதிலேயே மவுத்தாகிவிட்டதால், அவர் உம்மாவான என் மாமி தையல் மெசினை மிதித்துத்தான் அவரைப் படிப்பித்தார். எனக்கு அவர், அவருக்கு நான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். கல்முனைப் பஸாரில் இரும்புக்கடை வைத்திருந்த வாப்பா, எங்கள் வளவின் கிழக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நான் அந்த அத்திவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்ப்பது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மச்சானை எனக்கு நன்றாகப் பிடிக்கும். அவர் சைக்கிள் மணிச் சத்தத்தை மற்றச் சைக்கிள்களில் இருந்து பிரித்தறியும் அளவுக்குப் பிடிக்கும்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய நேரம் அது. உயர்தரத்தில் வர்த்தகம் படித்து நல்ல புள்ளிகள் எடுத்திருந்தார் மச்சான். வர்த்தகப் பட்டத்துக்குத் தமிழில் படிக்க அவர் முன்னால் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று கண்டிப் பக்கத்தில், பழைய பேர்பெற்ற இடம். அங்கே படித்தவர் என்றால் வங்கிக்காரர்கள் கதிரையைக் காட்டி இருக்கச் சொல்வார்கள் என்று ஊரில் கதை. மற்றது யாழ்ப்பாணத்தில், புதிது. படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அறை வாடகையும் சாப்பாடும் மலிவு, ஆனால் அந்தப் பேர் இன்னும் வரவில்லை. விண்ணப்பத்தில் எதை முதலாவதாகப் போடுகிறாரோ அது கிடைக்கக்கூடிய புள்ளிகள் அவரிடம் இருந்தன. மாதச் செலவு கொடுக்கப்போகிறவர் வாப்பா. ஆகவே எதை முதலாவதாகப் போடுவது என்ற பேச்சும் எங்கள் விறாந்தையில்தான் நடந்தது.

வாப்பா கடைக்காரர், பகிடியால் அடித்தே பேரம் முடிப்பவர். "ரெண்டு இடத்திலயும் ஒரே கணக்குத்தானே படிப்பிக்கிறாங்க? கண்டியில பற்று வரவ மாத்திப் பற்ற வலப்பக்கம் எழுதுவாங்களோ?" என்று கேட்டார். மாமி கூடச் சிரித்துவிட்டார். மச்சான் மட்டும் விடவில்லை. "அப்பிடியில்ல மாமா. அந்தப் பேரப் பாத்துத்தான் வேலைக்குக் கூப்பிடுறாங்க" என்றார். "பேரத் திண்ணலாமா மகன்? கண்டியில ஒரு மாசம் இரிக்கிற காசுக்கு யாழ்ப்பாணத்துல ரெண்டு மாசம் இரிக்கலாம்" என்றார் வாப்பா. மாமி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "நீங்க சொன்னாச் சரி காக்கா. எனக்கு என்ன தெரியும்?" என்று பேச்சை முடித்து வைத்தார். காசு கொடுக்கிற தமையனிடம் ஒரு விதவை வேறு என்ன சொல்ல முடியும்?

செலவு என்பது விறாந்தைக்குச் சொன்ன காரணம். சாப்பாட்டுப் பாயில் வாப்பா உம்மாவுக்குச் சொன்னது வேறு. "அந்தப் பேரோட அவன் வந்து இறங்கினாண்டா வயல்காரப் போடிமார் தங்கச்சிட கடப்படியில வரிசையா நிப்பாங்க. வயலக் காட்டுவாங்க, காரக் காட்டுவாங்க. நம்மட புள்ளைக்கு அவன் எட்டமாட்டான்." உம்மா, "அவன் அப்பிடிப்பட்ட பொடியன் இல்ல" என்றார். "பொடியன் அப்பிடியில்ல, ஓம். அவன்ட உம்மாவ எத்தின பேர் வந்து கரைப்பாங்க?" என்றார் வாப்பா. கடைக்குச் சரக்கு எடுக்கும் முன் அதன் விலை ஏறிவிடக்கூடாது என்று பார்ப்பது போல்தான் அவர் மச்சானையும் பார்த்தார். ஆனாலும் அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்காகத்தானே பயந்தார்? ஒரு மனிதரின் படிப்பு சுருங்குவதற்கு நான் காரணமாக இருக்கிறேன் என்பதும், அதைத் தடுக்க என்னிடம் ஒரு வழியும் இல்லை என்பதும் என்னை அரைச் சாப்பாட்டில் பாயை விட்டு எழும்ப வைத்தன.

வாப்பாவின் இந்தக் கணக்கு மாமி வீட்டுக்கும் மெல்லப் போய்ச் சேர்ந்துவிட்டது. சொந்தத்துக்குள் எது மறைந்து நிற்கும்? அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டிலும் கண்டி, யாழ்ப்பாணம் என்பவை ஊர்ப் பெயர்களாக இருக்கவில்லை. கண்டி என்றால் மாப்பிள்ளை கைநழுவிப் போவது. யாழ்ப்பாணம் என்றால் சம்பந்தம் நிலைப்பது.

நோன்பு காலம் வந்தது. மாமி காய்ச்சிய நோன்புக் கஞ்சியைக் கொண்டு ஒருநாள் பின்னேரம் அசர்த் தொழுகை நேரத்தில் மச்சான் வந்தார். உம்மா தொழுகையில் நின்றார். கஞ்சிப் பாத்திரத்தை நான் நின்ற குசினி யன்னல் கட்டின் மேல் வைத்துவிட்டு மச்சான் போகாமல் நின்றார். நான் பெரிய பிள்ளையான பிறகு அவர் என்னோடு நேரே கதைத்தது அன்றுதான். "புள்ள, நாளைக்கு விண்ணப்பம் அனுப்பணும். நீ சொல்லு. எத முதலாவதாப் போடட்டும்?" என்றார்.

எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்தக் கருநீலச் சுவெட்டர்தான். யாழ்ப்பாணம் என்று நான் சொன்னால், வாப்பா கட்டிய கயிற்றில் நானும் ஒரு முடிச்சுப் போட்டதாகிவிடும். மச்சான் ஆசைப்பட்ட இடத்துக்குப் போகட்டும், போய்விட்டு வரட்டும், நான் இருப்பேன். இவ்வளவும் மனதில் இருந்தது. ஆனால் நான் இருப்பேன் என்று ஒரு பெண்பிள்ளை வாய்திறந்து சொல்லும் பழக்கம் எங்கள் வீடுகளில் ஏது? ஆகவே சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன்.

"கண்டியப் போடுங்க மச்சான்."

அதற்குள்ளே மற்றதும் இருக்கிறது, அவருக்கு விளங்கும் என்று நம்பினேன். அவர் பாத்திரத்தைப் பார்த்தபடி, "சரி" என்றார். முகம் வாடியதைக் கண்டேன், நோன்புக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். உம்மா சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும் சத்தம் கேட்டது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் யாழ்ப்பாணத்தைத்தான் அவர் முதலாவதாகப் போட்டார். வாப்பாவுக்கு வாயெல்லாம் பல். பெருநாளைக்கு மச்சானுக்கு மேற்சட்டைத் துணி போனது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. கேட்டுவிட்டும் கேளாதது போலச் செய்தாரே, மாமாவின் காசுக்குப் பயந்த முதுகெலும்பில்லாத மனிதர் என்று மனதுக்குள் ஏசினேன். டிப்போவில் அவரை பஸ் ஏற்ற எல்லோரும் போனார்கள். நான் தலையிடி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

தொடக்கத்தில் படிப்பு நன்றாகத்தான் போனது. பிறகு யுத்தம் மூண்டு நாடு குழம்பியது. பாதை திறந்தால் வகுப்பு இல்லை, வகுப்பு நடந்தால் பாதை இல்லை. எங்கள் கரையிலும் பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவைத் தாண்டிப் போகவே ஆட்கள் யோசித்த மாதங்கள் இருந்தன. மச்சான் மாதக்கணக்கில் வீட்டில் வந்து நிற்பார், பரீட்சை என்று கேள்விப்பட்டுப் புறப்படுவார், பாதி வழியில் திரும்பி வருவார். சில காலம் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. என் வீடு கட்டி முடிந்து, சுண்ணாம்பும் அடித்து, ஆளில்லாமல் கிடந்தது. அதன் படியில் அயலாரின் ஆடுகள் படுத்திருக்கும். என்னோடு குர்ஆன் ஓதிய பிள்ளைகள் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்டார்கள். வாப்பா வானொலிச் செய்தி முடிந்த பிறகும் பெட்டிக்கு முன்னால் அசையாமல் இருப்பார். "கைக்குள்ள வச்சிரிக்கத்தானே அவன அங்க அனுப்பினன்" என்று ஒருநாள் உம்மாவிடம் சொன்னார். பகிடி பேசிய அந்த மனிதரைப் பிறகு நான் பார்க்கவில்லை.

மச்சானோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருவர் கண்டிக்குப் போனார். அங்கேயும் குழப்பம் வராமல் இல்லை. ஆனாலும் அவர் படித்து முடித்து வங்கியில் ஏறிவிட்டார். மச்சானும் அங்கே போயிருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. யார் கண்டது? மச்சான் பட்டத்தோடு வந்து சேர்ந்தபோது எண்பதுகள் முடியப்போயின. வங்கிப் பரீட்சைக்கு வயது தாண்டிவிட்டது. முன்தலையில் மயிர் கொட்டியிருந்தது. நிக்காஹ் முடிந்த கையோடு வாப்பாவின் இரும்புக்கடையில் காசுப்பெட்டிக்கு முன்னால் போய் அமர்ந்தார். கணக்குப் புத்தகத்தில் பற்றை இடப்பக்கமே எழுதினார்.

கலியாணம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். கடைக்குப் போகுமுன் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று தலையை நிமிர்த்திச் சிரித்தார். "நீ வேணாமெண்டு சொல்லியும் வந்து குந்திட்டன் பாத்தியா?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் எப்போது வேண்டாம் என்றது?

"நோன்புல, யன்னலடியில. கண்டியப் போடுங்க எண்டியே? கண்டிக்குப் போனா இந்தச் சம்பந்தம் நிக்காதெண்டு ரெண்டு வீட்டுக்கும் தெரியும். அதத் தெரிஞ்சிக்கிட்டுத்தானே சொன்ன?" கையில் இருந்த பிட்டைப் பிசைந்தபடி தொடர்ந்தார். "அதுவரைக்கும் நான் மாமாவுக்கும் தெரியாமக் கண்டியத்தான் போட இரிந்தன். நீ சொன்னதக் கேட்டுட்டுத்தான் மாத்தினன். இவளுக்கு நான் வேணாமா? ஆகட்டும், நான் உட்டுட்டுப் போமாட்டனெண்டு காட்டுறன் எண்டு யாழ்ப்பாணத்தப் போட்டன். அங்க ஷெல் விழக்குள்ளயும் அதத்தான் நினைப்பன். எப்பிடியும் திரும்பிப் போய் இவட மனச மாத்திப்போடணும் எண்டு."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். இல்லை மச்சான், நான் அப்படிச் சொல்லவில்லை, நீங்கள் ஆசைப்பட்டதால்தான் சொன்னேன், அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடிக்கும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். வங்கி போய், பேர் போய், இளமையும் போன அந்த முகத்தில் ஒரு வெற்றி இருந்தது. என்னை வென்ற வெற்றி. நான் உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும். ஏற்கெனவே தன்னுடையவளாக இருந்த ஒருத்திக்காகத்தான் அவர் கண்டியை விட்டார் என்றாகிவிடும். அத்தனை வருஷமும் வீணுக்கு என்றாகிவிடும். அதை எந்த வாயால் சொல்வேன்?

"அப்ப உனக்கு என்னப் பிடிக்கல்லத்தானே? உள்ளதச் சொல்லு" என்றார்.

"ஓம் மச்சான். அப்ப பிடிக்கல்ல."

வாய்விட்டுச் சிரித்தார். கையைக் கழுவிக்கொண்டு சந்தோசமாகக் கடைக்குப் போனார். அவர் போனதும் குசினிக் கதவைச் சாத்திவிட்டு நான் அழுது தீர்த்தேன்.

இப்போது கடையைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். வர்த்தகம் படிக்கப்போகும் பேரப்பிள்ளைகள் கொழும்பையும் மலேசியாவையும் தொலைபேசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே பேர் பெரிது, எங்கே செலவு குறைவு என்று வாதாடுவார்கள். உடனே மச்சான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்கட மூத்தம்மா நான் வேணாமெண்டு கண்டிக்குத் துரத்தப் பாத்தவ, தெரியுமா?" என்று தொடங்குவார். பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரித்துவிட்டு, உண்மையா என்று என் பக்கம் திரும்புவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டு.

ஓம் என்று சொல்வேன்.