டேப்பில் பேசிய பையன்

வெயிலில் காய்ந்த பேட்டரி செல்லுக்கு ஒரு வாசம் உண்டு. துருவும் சூடேறிய அட்டையும் கலந்து, முகர்ந்தவுடன் நாக்கின் நுனியில் லேசாகக் கூசும் வாசம். மைசூரில், தேவராஜ மொஹல்லாவுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் மோர்மிளகாய் காயாத கூரை இருந்திருக்கலாம், செல் காயாத கூரை இருந்ததில்லை. சிமெண்டு சீட்டின் மேல் அம்மா வைத்த முறத்துக்குப் பக்கத்திலேயே அப்பா தீர்ந்துபோன செல்களை வரிசையாகப் படுக்கவைப்பார். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது ஏணி வைத்து ஏறி, ஒருபுறம் மட்டும் காய்ந்துவிடக் கூடாதென்று, ஒவ்வொன்றையும் புரட்டிவிட்டு இறங்குவார். அடுத்தவர் வீட்டுச் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பும் டிஸ்டம்பரும் அடிக்கிற பெயிண்டர் என்பதால் ஏணி எப்போதும் கைவசம் இருந்தது. "கடைக்காரன் ஒருக்காத்தான் குடுப்பான் கண்ணு, சூரியன் கேக்கறப்பவெல்லாம் குடுப்பான்" என்பது அவருடைய கட்சி.

அந்தச் சூரியன்தான் எனக்கு வெளிநாட்டுக் கதவைத் திறந்தது. மூடவைத்தது நான்.

ஆறாம் வகுப்பில் இருந்தேன். உலகம் முழுவதிலுமிருந்து குழந்தைகள் கூடிப் பாடும் ஒரு போட்டி, எங்கோ பனி விழுகிற ஊரில் நடக்கப்போகிறது என்று எங்கள் பாட்டு மிஸ் சாவித்ரி, மேஜை மேல் ஏறாத குறையாக வகுப்பில் அறிவித்தார். முதலில் ஒரு டேப்பில் பாடி அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து நேரில் கேட்பார்கள். அதிலும் தேறினால் விமானம். நிபந்தனை ஒன்றுதான்: சினிமாப் பாட்டு கூடாது, பள்ளியில் சொல்லிக்கொடுத்ததும் கூடாது, வீட்டில் பாடுகிற பாட்டாக இருக்க வேண்டும். வகுப்பே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. வீட்டில் ரேடியோ பாடும், வேறு யார் பாடுவார்கள்? நான் எழுந்து, "எங்கம்மா குருவி ஓட்டற பாட்டு பாடும் மிஸ்" என்றேன். சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

அம்மா ஹனூர்ப் பக்கத்துக்காரி. ராகி கதிர் பிடிக்கும் நாட்களில் பரண்மேல் நின்று குருவி விரட்டி வளர்ந்தவள். கல்யாணமாகி மைசூருக்கு வந்த பிறகு விரட்டக் குருவி இல்லாமல், ஊதுவத்தி உருட்டும்போதும் மிளகாய்க்குக் காக்கை வரும்போதும் அந்தப் பாட்டை வாய்க்குள் ஓட்டுவாள்:

தின்னது போதுஞ் சிட்டுகளா, தெக்கால பறந்து போங்க
எங்கூட்டு அடுப்புக்கும் எட்டுக் கதுரு விட்டுப் போங்க

ஒவ்வொரு அடியின் முடிவிலும் "ஹோ...ய்" என்று ஒரு நீட்டல், அதில் காடே ஒருமுறை திரும்பிப் பார்க்கும். போட்டிக்கு என்றதும் அம்மாவுக்குக் கூச்சம் பிடுங்கியது. "அதெல்லாம் ஒரு பாட்டா? கேக்கறவங்க எந்திரிச்சுப் பறந்து போயிருவாங்க" என்றாள். ஆனாலும் நான்கு நாளில் முழுவதும் சொல்லிவிட்டாள்.

ஒலிப்பதிவுக்கு மஞ்சுளக்காவின் "டூ-இன்-ஒன்", ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி, வந்தது. அடுத்த வீட்டு மஞ்சுளக்கா கன்னடக்காரி, எங்களோடு பேசிப் பேசித் தமிழையும் கன்னடத்தையும் ஒரே சட்டியில் தாளிக்கக் கற்றவள். அன்று பார்த்துக் கரண்டு இல்லை. அதனாலென்ன, கூரைமேல் செல் இருந்தது. அப்பா நான்கைத் தேர்ந்தெடுத்து, வேட்டியில் துடைத்து, குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல் உள்ளே செருகினார். சந்தில் இருந்தவர்கள் குக்கரை இறக்கினார்கள், சைக்கிள் மணிகளைப் பொத்தினார்கள். யாராவது பெயர் சொல்லித் தொடங்கிவைக்க வேண்டுமே என்றதற்கு, அப்பாவே மைக் துளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மேஸ்திரியிடம் பேசும் மரியாதைக் குரலில் சொன்னார்: "வணக்கமுங்க. மைசூர்லிருந்து பாடறது செல்வி. ஆறாங் கிளாசு. இது குருவி ஓட்டற பாட்டு. கேளுங்க." நான் பாடினேன். பதிந்ததை அதே பெட்டியில் போட்டுக் கேட்டோம். அப்பா அப்பாவாக இருந்தார், நான் நானாக இருந்தேன். மறுநாள் மிஸ் அதைத் தபாலில் சேர்த்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு மாலை மிஸ் எங்கள் சந்துக்கே வந்தார். கையில் கடிதமும் ஒரு டேப்பும். முகத்தில் பாதி தசரா, பாதி பரீட்சை. உட்காரக்கூட இல்லை.

"அல்ரீ, ஆ ஹுடுக யாரு?" என்றார்.

"எந்தப் பையனுங்க மிஸ்?" என்றார் அப்பா. "எங்கூட்டுப் பையன் இன்னுந் தொட்டல்ல கெடக்கறானுங்க. அவன் பேச வருசம் ஒண்ணு ஆகுமுங்க."

கடிதத்தில் இருந்தது இதுதான்: பாடிய சிறுமியின் குரல் மிக அரிது, அவளுக்கு முன்னால் பேசும் சிறுவனின் குரலும் அருமை, இருவரும் சேர்ந்தே ஒரு பதிவாகத் தேர்வாகியிருக்கிறார்கள், இருவரையும் நேரில் கேட்க வருகிறோம், ஒத்திகைக்கு உதவ உங்கள் டேப்பின் நகலை அனுப்பியிருக்கிறோம். மிஸ் நகலை மஞ்சுளக்காவின் பெட்டியில் போட்டார். இந்தமுறை கரண்டு இருந்தது. சுருள் துள்ளிக் கிளம்ப, அதற்குள்ளிருந்து மீசை முளைக்காத ஒரு பையன், பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும், சுறுசுறுப்பாக, "வணக்கமுங்க. மைசூர்லிருந்து பாடறது செல்வி" என்றான். எங்கள் அப்பாவின் சொற்கள், அவருடைய இழுவை, அவருடைய "ங்க". ஆனால் யாரோ ஒரு பையன். அப்பா பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்ததை நான் பொய்யாகச் சொல்லவில்லை.

பிறகுதான் மிஸ்ஸுக்கு விளங்கியது. வெயிலில் காய்ந்த செல்களுக்குப் பாதி உயிர்தான். அன்று பெட்டி தள்ளாடித் தள்ளாடிச் சுற்றியிருக்கிறது. மெல்லச் சுற்றும்போது பதிந்த குரலை முழுவேகத்தில் சுற்றினால், எல்லாம் மேலேறி விரைந்துவிடும். நான் ஐந்து கட்டைக்காரி. டேப்பில் இருந்தவளோ எட்டுக் கட்டையில், வெள்ளிக் கம்பியை இழுத்ததுபோல், மூச்சு விடும் இடமே தெரியாமல் பாடினாள். அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "இது குருவி ஓட்டற பாட்டா, குருவி பாடற பாட்டா?" என்றாள்.

சந்து இரண்டு வாரம் இதைத் தின்று தீர்த்தது. அப்பா ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால் போதும், மஞ்சுளக்கா வாசலிலிருந்து, "ஏய் தம்பி! பால் குடிச்சியா? ஸ்கூலுக்கு டைம் ஆயித்து நோடு!" என்பாள். அப்பாவும், "இன்னும் வீட்டுப்பாடம் எழுதலீங்கக்கா" என்று முடித்துக்கொண்டு போவார்.

மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் பள்ளி எதிலும் எதையும் ஜெயித்ததில்லை. கிழிந்த ஆர்மோனியத்துக்கு ஒட்டுப் போட்டுப் போட்டு வாசித்துக்கொண்டிருந்த அந்த மனுஷிக்கு இது ஒரு வாழ்நாளின் கடிதம். "பொய் இல்ல. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கோபேக்கு, அஷ்டே" என்றார், கொஞ்சம் வளைந்துகொடுத்தால் போதும் என்பதுபோல். என் குரலை எட்டுக் கட்டைக்கு ஏற்றிவிடுவது, அப்பாவுக்குப் பதில் ஏழாம் வகுப்பு சதீஷை நிறுத்திவிடுவது. அவ்வளவுதான் அட்ஜஸ்ட்.

தொடங்கியது ஏற்பாடு. காலையில் மிளகுத் தண்ணீர், பள்ளியில் மதிய இடைவேளை முழுக்கச் சாதகம், ஐஸ் குச்சிக்குத் தடை. ஒவ்வொரு நாளும் சுருதியை ஒரு மயிரிழை ஏற்றுவார் மிஸ். நான் கழுத்து நரம்பு புடைக்க ஏறுவேன். ஆறு கட்டையைத் தொட்டேன், ஆறரையைத் தொட்டேன். டேப்பில் இருந்தவள் இன்னும் மேலே நின்று, களைப்பென்றால் என்னவென்றே அறியாமல் பாடிக்கொண்டிருந்தாள். அவளைப்போல் நான் யாரையும் வெறுத்ததில்லை. என் பெயர், என் பாட்டு, என் வீட்டு அடுப்புக்கு விடச்சொல்லும் கதிர். ஆனால் அவளுக்கு அடுப்பே தேவைப்படாது போலிருந்தது. ஏழு கட்டையில் "ஹோ...ய்" என்ற நீட்டல் உடைந்து வெறும் கீச்சாகியது. அதைக் கேட்டுக் குருவி ஓடாது, துணைக்கு வரும்.

மறுபக்கம் சதீஷ். நல்ல பையன், ஆனால் தமிழ் அவனுக்குச் செருப்பு மாற்றிப் போட்டதுபோல். "வணக்கமூங்கா" என்பான். எங்கள் வீட்டுக்கே வந்து, மஞ்சுளக்கா எங்களிடம் விட்டுவைத்திருந்த பெட்டியில் டேப்பைக் கேட்டுக் கேட்டு, அப்பாவின் இழுவையைப் பயிற்சி செய்தான். அப்பா ஓரமாக உட்கார்ந்து, "'ங்க'ன்னு சும்மா தொட்டுட்டு வுடு சாமி, அமுக்காத" என்று திருத்துவார்.

ஒரு மதியம் காய்ச்சலென்று பள்ளியிலிருந்து சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழையப் போனவள் நிலைப்படியில் நின்றுவிட்டேன். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல், பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். என் பாட்டு ஓடவில்லை. "வணக்கமுங்க" என்ற பத்து நொடி மட்டும் ஓடும், நிறுத்துவார், பின்னால் சுற்றுவார், மறுபடி "வணக்கமுங்க". என்னைப் பார்த்ததும் கூச்சத்தோடு சிரித்தார்.

"இந்த வயசுல நானு கொள்ளேகால்ல சுண்ணாம்பு வாளி தூக்கிட்டிருந்தேன் கண்ணு. பேசுனா மேஸ்திரி அடிப்பான். எங் குரலு இப்பிடித்தான் இருந்திருக்குமாட்ட இருக்குது."

பிறகு தட்டை இழுத்துச் சாப்பிடத் தொடங்கினார். ஆனால் எனக்குள் ஏதோ ஒரு சுருதி அன்று அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

பெங்களூர் ஆட்கள் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. ஒரு பெரியவர், ஒரு அம்மையார், அவர்களுடைய பளபளக்கும் டேப் பெட்டி. பள்ளி மண்டபத்தில் பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னலோரம் நிற்க, அப்பா பாதி நாள் வேலையை விட்டு, முழங்கையில் மஞ்சள் டிஸ்டம்பர் காயாமல், கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோடு சுவராக நின்றார். இஸ்திரி போட்ட சட்டையில் சதீஷ் முன்னால் வந்து, "வணக்கமூங்கா" என்று வாயைத் திறந்தான்.

பயம் வரவில்லை. இன்றுவரை எனக்கு வியப்பு அதுதான். நேரே அந்த அம்மையாரிடம் போய்க் கன்னடத்தில் சொன்னேன்: "டேப்பில் பேசியது இவன் இல்லை மேடம். எங்கள் அப்பா. பாடியதும் முழுக்க நான் இல்லை."

மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டு போனது, கூரை, செல், வெயில். பெரியவர் புருவம் நெளிய, "பேட்டரியை எதற்கு வெயிலில் வைக்க வேண்டும்?" என்று கேட்டார். மண்டபக் கதவருகே நின்ற பியூன், யாரும் தன்னைக் கேட்காமலே, "நம் மனேலூ ஒணகிஸ்தீவி சார்" என்றார், எங்கள் வீட்டிலும் காயவைக்கிறோமே, இதில் என்ன அதிசயம் என்பதுபோல். மண்டபம் முழுக்கத் தலைகள் ஆடின. எல்லார் வீட்டுக் கூரையிலும் அந்த நேரத்தில் செல் காய்ந்துகொண்டுதான் இருந்தது.

"அப்பாவை வரச்சொல்" என்றார் அம்மையார். அப்பா வந்தார். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, முப்பத்தைந்து வயதுக் குரலில், "வணக்கமுங்க. மைசூர்லிருந்து பாடறது செல்வி" என்றார். நான் ஐந்து கட்டையில் பாடினேன். எங்கள் அடுப்புக்கு வேண்டிய எட்டுக் கதிரையும் கேட்டேன். "ஹோ...ய்" என்று நீட்டியபோது மண்டபத்தின் உத்தரத்தில் இருந்த புறாக்கள் நிஜமாகவே எழுந்து பறந்தன, அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துச் சிரித்தாள்.

நன்றாக இருக்கிறது என்றார்கள். இதுதான் நல்ல குரல் என்றுகூட அந்த அம்மையார் சொன்னார். ஆனால் தேர்வானது டேப், டேப்பில் இருப்பவர்கள் நீங்கள் அல்ல, விதி விதிதான் என்று பத்து நாளில் கடிதம் வந்தது. மிஸ் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் காலைப் பிரார்த்தனைக்கு என்னை முன்வரிசையில் நிறுத்தி, ஐந்து கட்டைக்குச் சுருதி வைத்தார். அதன் பிறகு அவர் என்னை மேலே ஏறச் சொன்னதே இல்லை. விமானம் போனதே என்று நான் அழுதேனா? ஒரு நாள் அழுதேன். மறுநாள் ஐஸ் குச்சி தின்றேன். தொண்டை என்னுடையதாக இருந்தது.

இப்போது அந்தச் சந்தில் சிமெண்டு சீட்டுகள் இல்லை, மாடிமேல் மாடி. மிளகாய் கடையில் பொட்டலமாக வருகிறது. அந்த டேப் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து, பெட்டிக்குள் சிக்கிச் சின்னாபின்னமானது. தம்பியின் மகள் யாழினி இன்று ஏதோ ஒரு உலகக் குழந்தைகள் பாட்டுப் போட்டிக்குத் தயாராகிறாள். எல்லாம் கைபேசியிலேயே. சுருதி தவறினால் ஒரு விரல் தட்டலில் அதுவே நேராக்கிக் கொடுக்கிறது. அதற்குச் சார்ஜ் தீர்ந்தால் அப்படியே செத்துவிடுகிறது. தள்ளாடி, மெலிந்து, யாரையும் வேறு யாராகவும் ஆக்குவதில்லை. இயந்திரங்களுக்குக் களைப்பு இருந்த காலம் போய்விட்டது.

போன வாரம் அவள், கன்னடமே அவளுக்குச் சுலபம் என்பதால் கன்னடத்தில், "தாத்தா, நீங்கள் எப்போதாவது ஃபாரின் போனதுண்டா?" என்று கேட்டாள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கூப்பிட்டாங்க," என்றார் தமிழிலேயே, அழுத்தமாக. "எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. உங்கத்தைதான் பொய் சொல்ல மாட்டேன்னுட்டா."

யாழினி கணக்குப் போட்டுப் பார்த்துக் குழம்பி, என்னைப் பார்த்தாள். நான் அவரைத் திருத்தவில்லை.